காத்து அடிக்கிற வீடு

அஸ்தானாவுல பன்னெண்டு வருஷமா வீட்டுத் தரகு பார்க்கிறேன். நான் பார்க்காத ஆளில்ல. குளிர்காலத்துக்கு அறுத்த குதிரைக் கறியைத் தொங்கவிட பால்கனி பெருசா இருக்கணும்னு கேட்டவங்க உண்டு. மாமியா வந்தா ரெண்டு நாள்ல கிளம்பற மாதிரி சின்ன வீடா பாருன்னு காதுல கிசுகிசுத்தவங்க உண்டு. எல்லாரையும் சமாளிச்சிருக்கேன். ஆனா என் உயிரை வாங்கினது ஒரே ஒரு ஆள். கூடப்பிறந்த அக்கா புருஷன், ஜோலமான் அத்தான்.

அத்தானுக்குக் கண்ணு தெரியாது. இருபத்திரண்டு வயசுல என்னமோ ஒரு காய்ச்சல் வந்தது, ஆறே மாசத்துல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அதைப் பத்தி அவர் பேசிக் கேட்டதே இல்ல. மசாஜ் படிப்பு படிச்சார். அல்மாத்தியில குழந்தைங்க ஆஸ்பத்திரி ஒண்ணுல சேர்ந்தார். கழுத்து நிக்காத பிள்ளை, கால் வளைஞ்ச பிள்ளை, நடக்கவே நடக்காதுன்னு கைவிட்ட பிள்ளை எல்லாம் அவர் கைக்கு வரும். இருபத்தொரு வருஷம் வேலைக்குப் போனார், வந்தார். ஒரு நாள்கூட யாரும் அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதில்ல. பிடிக்க விட்டாத்தானே!

எங்க ரைகுல் அக்கா அவரைப் பார்த்ததே அப்படித்தான். ரோடு கடக்க நின்னுட்டிருந்தாராம். இவ பாவம் பார்த்து முழங்கையைப் பிடிச்சிருக்கா. அந்த மனுஷன் கையை உதறிட்டு, "தங்கச்சி, உதவி பண்ணணும்னா பின்னாடி வா. முன்னாடி வேணாம், பக்கத்துலயும் வேணாம்"னாராம். இவளும் போயிருக்கா. ரோட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அவ ஏற வேண்டிய பஸ் போயே போச்சு. எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "கண்ணில்லாதவனைக் கட்டிக்கப் போறியாடி?"ன்னாங்க. அக்கா, "அவருக்குக் கண்ணுதான் இல்லை, வழி தெரியும். இங்க எத்தனை பேருக்கு அது தெரியுது?"ன்னா. பிடிவாதத்துல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல.

அல்மாத்தியில அவர் எப்படி நடந்தார்னா, அந்த ஊரே ஒரு சரிவு. தெற்கே மலை, வடக்கே இறக்கம். அங்க பிறந்து வளர்ந்த நாங்க யாரும் வடக்கு, தெற்குன்னு சொல்ல மாட்டோம். மேல, கீழ அவ்வளவுதான். "கடை எங்க?" "ரெண்டு தெரு மேல." "பஸ் எங்க நிக்கும்?" "முனையில, கீழ் பக்கம்." கண்ணு தெரியறவங்களுக்கு அது வெறும் பேச்சு. அத்தானுக்கு அதுதான் எல்லாம். கணுக்கால்ல ஏத்தம் தெரிஞ்சா தெற்கு, முட்டியில இறக்கம் தெரிஞ்சா வடக்கு. எந்தத் தெருவுல கொண்டுபோய் விட்டாலும் ரெண்டு அடி வெச்சுப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துடுவார்.

அந்த ஊரை விட்டு வர வேண்டியதாச்சு, அக்காவோட நெஞ்சுக்காக. அல்மாத்திப் புகை உங்களுக்குச் சொல்லவா வேணும்! குளிர்காலம் வந்தா மலைக்கும் ஊருக்கும் நடுவுல மூடி போட்ட மாதிரி நிக்கும். அக்காவுக்கு மூச்சிரைப்பு. போன குளிர்காலத்துல மட்டும் மூணு தடவை ஆஸ்பத்திரி. மூணாவது தடவை உதடு நீலம் பாரிச்சுப்போய்தான் கொண்டுபோனாங்க. டாக்டர் அத்தானைத் தனியாக் கூப்பிட்டு, "அடுத்த குளிர்காலம் இவங்க இந்த ஊர்ல இருக்கக்கூடாது. இருந்தா நான் பொறுப்பில்ல"ன்னுட்டார்.

அத்தான் அன்னைக்கே எனக்கு ஃபோன் பண்ணினார். "கொழுந்தியா, உங்க ஊர்ல காத்து சுத்தமா?"

"சுத்தமோ இல்லையோ அத்தான், ஓட்டமா ஓடும். புகை நிக்கவே நேரம் கிடைக்காது."

"அப்ப எனக்கு அங்க ஒரு வேலை பாரு."

பார்த்தேன். ஊருக்குத் தெற்கே, கடைசியில, குழந்தைங்களுக்கான சிகிச்சை நிலையம் ஒண்ணு புதுசாத் திறந்திருந்தாங்க. அத்தான் கை பேரு அங்கயும் எட்டியிருந்தது. உடனே எடுத்துக்கிட்டாங்க. வீடு பார்க்கறது என் பொறுப்பு. அட, இதுதானே என் தொழில், ஒரே நாள்ல முடிச்சுடுவேன்னு நினைச்சேன்.

அக்டோபர் கடைசியில ரயில்ல வந்து இறங்கினாங்க. பிளாட்பாரத்துலயே அக்கா என்னைத் தனியா இழுத்தா.

"ஆகெர்கே, ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன். வருஷம் முடியறதுக்குள்ள அவர் தனியா வேலைக்கு நடந்து போகணும். முடியலைன்னா ஊருக்குத் திரும்பிடுவோம்."

"திரும்பி? அந்தப் புகைக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

"யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆச்சுன்னா அவர் ஒரு வருஷத்துல கிழவனாயிடுவார்டி. எனக்காக அவர் அப்படி உட்கார்ந்து போறதைப் பார்த்துக்கிட்டு நான் நல்லா மூச்சு விடணுமா? வேணாம்."

அத்தான் என்னடான்னா சூட்கேஸைத் தூக்கிக்கிட்டே, "திரும்பிப் போற பேச்சே கிடையாது. நான் நடப்பேன்"னார். அப்படிச் சொல்லிட்டு, பக்கத்துல போன ஒரு ஆளை நிறுத்தி, "தம்பி, மேல் பக்கம் எது?"ன்னு கேட்டார். அவன் இவரை ஏற இறங்கப் பார்த்துட்டு, "மேலயா? மேல ஆகாசம்தான் அண்ணே"ன்னுட்டுப் போனான். எனக்கு சிரிப்பு வந்தது. ஆனா அத்தான் முகம் சுருங்கினதைப் பார்த்ததும் அடக்கிக்கிட்டேன். அஸ்தானா தட்டு மாதிரி ஊர். கால்ல ஒரு விரக்கடை ஏத்தம்கூடத் தெரியாது.

முதல்ல ஆத்துக்கு இடது பக்கம் கூட்டிட்டுப் போனேன். புது ஊர், கண்ணாடிக் கட்டடம், பதினாலாவது மாடி, கீழே பூந்தோட்டம். இதைக் காட்டினா வேணாம்னு சொன்ன ஆளே இல்ல. அத்தான் மேல ஏறவே இல்ல. வாசல்ல நின்னு குச்சியால தரையைத் தட்டினார். காதைச் சாய்ச்சுக் கேட்டார். இன்னும் பலமாத் தட்டினார்.

"இங்க சுவரே இல்லையா?"

"என்ன அத்தான் இப்படிக் கேக்கறீங்க? எவ்வளவு விசாலமா கட்டியிருக்காங்க!"

"அதான் கேக்கறேன். சத்தம் போகுது, திரும்பி வரவே மாட்டேங்குது. நான் எதை வெச்சு நடக்கறது?"

சரின்னு வலது பக்கத்துப் பழைய ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். அஞ்சு மாடிக் கட்டடங்க, நெருக்கமா மரம், குறுகலான முற்றம், அல்மாத்தியைப் பெயர்த்து வெச்ச மாதிரி. அத்தான் முகம் மலர்ந்துடுச்சு. குச்சியைத் தட்டித் தட்டி, "இதோ சுவர், இதோ படிக்கட்டு, இங்க ஒரு இரும்புக் கதவு"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டே போனார். ரெண்டாவது மாடி ஏறும்போது பின்னாடி அக்கா இருமினா. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் நிக்கல. கட்டடத்துக்குப் பின்னாடி தனி வீடுங்க, எல்லாத்துலயும் நிலக்கரி அடுப்பு. அத்தான் கதவைக்கூடத் தொடல. அப்படியே திரும்பி, "இது வேணாம்"னு இறங்கிட்டார். அக்கா, "உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல, ஜன்னலைச் சாத்தி வெச்சுக்கலாம்"னா. "ரைகுல், பேசாம வா"ன்னார்.

மூணாவதா காட்டினதுதான் என் கைச்சரக்கு. ஆத்தங்கரையில, நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த வீடு. முற்றத்துல ஒரு துளி காத்து நுழையாது. அஸ்தானாவுல வீடு விக்கிறவ முதல்ல சொல்ற வார்த்தையே "காத்து வராது"தான். குளிர்ல இந்த ஊர்க் காத்து எலும்பைத் துளைச்சுட்டுப் போகும். வேற கிடைக்கிற வரைக்கும்னு அங்கேயே குடிவந்தாங்க. நிலையத்துக்கு தினமும் நான்தான் காருல கொண்டுபோய் விட்டேன். காருல வரும்போது அவர் பேசவே மாட்டார். மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். நாப்பத்தாறு வயசுல ஒரு மனுஷன் இவ்வளவு கெட்டியா வாயை மூடிக்கிட்டு நான் பார்த்ததில்ல.

ஞாயித்துக்கிழமைங்கள்ல பஸ் நிறுத்தத்துக்கு வழி பழகினார். நான் பின்னாடி போவேன். இடது பக்கம் வேலி, நாப்பது அடி, மருந்துக்கடை வாசல், வலது பக்கம் திரும்பு, அப்படின்னு முணுமுணுத்துக்கிட்டே போவார். மூணு வாரம் பழகினார். நவம்பர் நடுவுல ஒரு நாள் காலையில, "இன்னைக்கு நீ வர வேணாம்"னு சொல்லிட்டுத் தனியாக் கிளம்பினார். அன்னைக்குப் பார்த்து மருந்துக்கடைகிட்ட குழி வெட்டி ரோட்டை அடைச்சு வெச்சிருக்காங்க, எழவு! சுத்திப் போயிருக்கார். எங்க திரும்பினோம்னு விட்டுப்போச்சு.

அப்பதான் அந்தத் தப்பைப் பண்ணினார். அல்மாத்திக்காரங்களைத் தவிர வேற யாரும் பண்ண முடியாத தப்பு. நின்னு யோசிச்சிருக்கார். ரெண்டு அடி வெச்சிருக்கார். காலுக்கு ஏத்தம் தெரிஞ்சிருக்கு. இந்த ஊர் தட்டைன்னு அவர் புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியாதே! இருபத்தொரு வருஷமா ஏறினா தெற்குன்னு பழகின காலு. நிலையம் தெற்கே. நம்பி ஏறிப் போயிட்டார். அது தெற்கும் இல்ல, மலையும் இல்ல. ஆத்துப் பாலம்.

எனக்கு ஃபோன் வந்தது. "கொழுந்தியா, நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியல"ன்னார். அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. காரை விரட்டிக்கிட்டுப் போனேன். பாலத்து நடுவுல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பக்கத்துல லாரிங்க பறக்குது, புருவமெல்லாம் வெள்ளையாப் பனி. நான் இறங்கி வாய்க்கு வந்தபடி திட்டினேன். "செத்திருப்பீங்களே! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? வீம்பு, வீம்பு, எப்பப் பார்த்தாலும் வீம்பு!"

அவர் காதுலயே வாங்கல. முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாத் திருப்பிக்கிட்டிருந்தார்.

"இந்தக் காத்து எங்க இருந்து வருது?"

"தென்மேற்குல இருந்து. முதல்ல வண்டியில ஏறுங்க."

"நேத்தும் அங்க இருந்துதானா?"

"குளிர்காலம் பூரா அங்க இருந்துதான் அத்தான். இந்த ஊரைப் பிடிச்ச சனியனே அதானே! ஏறுங்கன்னா!"

வண்டியில ஏறினார். பாலத்தைத் தாண்டினதும் சொன்னார். "அரை மணி நேரமா நிக்கிறேன். ஒரு தடவைகூட அது பக்கம் மாறல. வலது கன்னத்துலயே அடிச்சுது. அப்ப நான் எந்தப் பக்கம் பார்த்து நின்னேன்னு இப்ப எனக்குத் தெரியும்." அப்புறம், "எனக்குக் காத்து அடிக்கிற வீடு பாரு கொழுந்தியா"ன்னார்.

எனக்கு வந்த கோவத்துக்கு பிரேக்கையே போட்டுட்டேன். "இத்தனை வருஷமா காத்து வராத வீடுன்னு சொல்லித்தான் பிழைக்கிறேன். என்கிட்டயே வந்து இப்படிக் கேக்கறீங்களே!"

"நீ கட்டடத்துக்கு நடுவுல காட்டுற. அங்க காத்து மூலைக்கு மூலை திரும்பிடும். நாலு பக்கமும் அடிச்சா எனக்கு என்ன பிரயோஜனம்? தடுக்கவே எதுவும் இருக்கக்கூடாது. அப்படி ஒரு இடம் இல்லையா இவ்வளவு பெரிய ஊர்ல?"

இருந்தது. ஏன் இல்ல? மூணு வருஷமா என்னால தள்ளிவிட முடியாத கட்டடம் ஒண்ணு. ஊருக்குத் தென்மேற்குல கடைசி வரிசை. அதுக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதுக்கு அந்தப் பக்கமும் புல்வெளி. ஜன்னல் ராத்திரி பூரா ஊளையிடும்னு குடிவந்தவங்க ஓடிப்போவாங்க. அங்க இருந்து சிகிச்சை நிலையம் நடக்கிற தூரம்தான். ஆனா நடுவுல ஒரு பொட்டல், அறுநூறு அடி. மரமில்ல, சுவரில்ல, வேலியில்ல. ஒத்தையடிப் பாதை மட்டும். கண்ணு தெரியாத மனுஷனுக்கு அதைவிட மோசமான இடம் எங்க கிடைக்கும்? நான் அதைத்தான் சொன்னேன். அவர் பொட்டல் விளிம்புல போய் நின்னார். தொப்பிக் காதைத் தூக்கிவிட்டுட்டு, "நிலையம் எந்தப் பக்கம்?"ன்னார். தோளைப் பிடிச்சுத் திருப்பக்கூடாது, தெரியும். "நேரா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ஆங், அதேதான்"னேன். வலது கன்னத்துல விரலை வெச்சுப் பார்த்தார். அப்படியே நடந்துபோய் அந்தக் கடைசியில இருக்கிற வேலியைக் குச்சியால தட்டினார். திரும்பி வரும்போது இடது கன்னம். பாதையை விட்டு மூணு அடிகூட விலகல.

அக்கா அந்தக் கட்டடத்து வாசல்ல நின்னு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தா. இழுத்துட்டு, இருமல் வரும்னு காத்துக்கிட்டு நின்னா. வரல. அப்பதான் எனக்கே உறைச்சுது. காத்து ஊருக்குள்ள நுழையற முதல் வாசல் இது, புகையெல்லாம் இதைத் தாண்டி ஊருக்குள்ளதான். பன்னெண்டு வருஷம் தொழில் பண்ணி இது எனக்குத் தோணலையே! அன்னைக்கே சாவியை வாங்கினாங்க.

புதுசாக் குடிவந்தவங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறவங்க எருலிக் விருந்து வைக்கணும்ல? இந்தக் காத்தாடிக் கட்டடத்துல யார் வைக்கப்போறாங்கன்னு நினைச்சேன். கீழ்வீட்டுக் கென்ஜெபாய், கிரேன் ஓட்டுற மனுஷன், மூணாம் நாளே வந்து கூப்பிட்டார். கறியும் மாவுப் பட்டையும் மலை மாதிரி குவிச்சு வெச்சிருந்தார். சாப்பாட்டுக்கு நடுவுல நெஞ்சைத் தட்டிக்கிட்டு எழுந்து, "இனிமே நான்தான் உங்களுக்குக் கண்ணு. தினமும் காலையில பொட்டலைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் எனக்கு மறு வேலை"ன்னார்.

விருந்துல ஒருத்தர் நல்ல மனசோட குடுக்கிறதைத் தட்டறது எவ்வளவு பெரிய அவமரியாதை! அக்கா தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. அத்தான் கறியை மென்னு முழுங்கினார். "அண்ணே, கிரேன்ல நூறு அடி உசரத்துல உட்கார்ந்திருக்கீங்க. நான் நாளைக்கு வந்து, நீங்க விழுந்துடுவீங்க, உங்க மடியில உட்கார்ந்துக்கறேன்னா என்ன சொல்லுவீங்க?"

கென்ஜெபாய் பொண்டாட்டிதான் முதல்ல சிரிச்சது. "உங்க எடைக்கு கிரேனே விழுந்துடும்"னு கென்ஜெபாயும் சிரிச்சு, இன்னொரு துண்டு கறியை அத்தான் தட்டுல வெச்சார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

டிசம்பர் முதல் வாரத்துல இருந்து அத்தான் தனியாப் போனார், வந்தார். காத்து விடாம அடிச்சது. எனக்கு நிம்மதி. அக்காவுக்கு இல்ல. "காத்து நிக்கிற நாள் ஒண்ணு வரும்ல? அன்னைக்குப் பார்க்கிறேன், அப்புறம் சொல்றேன்"னா. அல்மாத்தி வீட்டுல வாடகைக்கு இருந்தவங்க வேற, நாங்க இருக்கலாமா, காலி பண்ணணுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவ பதில் சொல்லாம இழுத்தா.

அந்த நாள் வந்தது. வருஷம் முடிய எட்டு நாள் இருக்கு. ரெண்டு நாளாப் பனிப்புயல் அடிச்சு ஓய்ஞ்சிருந்தது. காலையில எட்டரை மணிக்கு அக்கா ஃபோன் பண்ணினா. "ஆகெர்கே, மைனஸ் முப்பத்தாறு. காத்து ஒரு பொட்டு இல்ல. லீவு போடுங்கன்னு சொல்லிட்டேன், அவர் கேக்கல. ஒன்பதரைக்கு ஒரு குழந்தை வருதாம், இன்னைக்கு அது முதல் தடவையா எழுந்து நிக்கப்போகுதாம். நீ வா. என்னால இந்தக் குளிர்ல வெளிய வர முடியாது, நெஞ்சு இறுகிடும்."

"காருல ஏத்திட்டுப் போயிடறேன்கா."

"ஏத்தாத! பின்னாடி போ. தொடாத, கூப்பிடாத. விழுந்தா மட்டும் தூக்கு. தூக்கிட்டன்னா, சரி, ஊருக்குக் கிளம்பிடுவோம்."

இப்படி ஒரு வேலையை யாராவது கூடப்பிறந்தவளுக்குக் குடுப்பாளா? போனேன். அத்தான் அப்பதான் வாசல்ல இறங்கினார். முப்பது அடி விட்டுப் பின்னாடி நடந்தேன். பொட்டல் விளிம்புல நின்னார். புயல்ல ஒத்தையடிப் பாதை இருந்த இடமே தெரியல, ஒரே வெள்ளை. வலது பக்கம் முகத்தைத் திருப்பினார். இடது பக்கம். தொப்பியையே கழட்டிட்டார். ஒண்ணுமில்ல. அந்த அமைதியில தூரத்துல ஒரு நாய் குரைக்கிறது நாலு பக்கத்துல இருந்தும் கேட்டது.

நடக்க ஆரம்பிச்சார். பத்து அடி, இருபது அடி. இடது பக்கமா விலகுறார். எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. அந்தப் பக்கம் சுடுதண்ணிக் குழாய்க்கு வெட்டின பள்ளம், ஆள் உயரத்துக்கு. இன்னும் பதினஞ்சு அடி. என் கால் தானா முன்னாடி போச்சு. வாயைத் திறந்துட்டேன். அத்தான்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், பிழைச்சுடுவார். ஆனா அந்த வார்த்தையைச் சொன்னா அக்கா பெட்டியைக் கட்டிடுவா. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் அவ உதடு நீலம் பாரிச்சுக் கிடந்த கோலம். பத்து அடி வரைக்கும் பார்ப்போம், பத்து அடியில கத்திடுவேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் மேல எனக்கு அப்ப வந்த ஆத்திரம் சொல்லி முடியாது.

அவர் நின்னார். காலை ஒரு தடவை தரையில தேய்ச்சார். இன்னொரு தடவை. அப்புறம் குனிஞ்சு, மண்டி போட்டு, வலது கையுறையைக் கழட்டி பனியைத் தடவினார். தடவிக்கிட்டே சிரிச்சார். ஆமா, சத்தமாச் சிரிச்சார் அந்த மனுஷன். என்னடா இது, குளிர்ல புத்தி பேதலிச்சுப்போச்சான்னு நினைச்சேன்.

அப்பதான் நான் தரையைப் பார்த்தேன். ரெண்டு நாள் அடிச்ச காத்து பனியை உழுது வெச்சிருந்தது. கல்லு மாதிரி இறுகின வரப்பு வரப்பா, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, தென்மேற்குல இருந்து வடகிழக்குக்கு. காத்து போயிடுச்சு, அது வந்த வழி தரையில அப்படியே கிடந்தது. அவர் எழுந்து, வரப்பு காலுக்குக் குறுக்க வர்ற மாதிரி திரும்பி நின்னார். ஒரு அடி, வரப்பு. ஒரு அடி, வரப்பு. படி ஏறுற மாதிரி ஒவ்வொண்ணையும் தாண்டித் தாண்டிப் போனார். வேலியில குச்சி தட்டின சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்து ரோட்டுல, கடக்கறவங்களுக்கு சிக்னல் மணியடிச்சுது, தாண்டினார். நிலையத்துக் கதவு திறந்து மூடினது.

நான் ஓடினேன். உள்ள நர்ஸ் அவர் வலது கையைத் தன் ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "இந்தக் கையை வெச்சுத்தானே பிழைக்கிறீங்க! கொஞ்சமாவது அறிவு இருக்கா?"ன்னு கத்தினேன்.

"இன்னும் பத்து நிமிஷத்துல சரியாயிடும். வந்ததுதான் வந்த, ஒரு உதவி பண்ணு"ன்னார். அத்தான் என்கிட்ட உதவிங்கற வார்த்தையைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "கையுறையை அங்கேயே விட்டுட்டேன். எடுத்துட்டு வா. உங்கக்கா பின்னினது, தொலைச்சா கொன்னுடுவா."

திரும்பிப் போனேன். கையுறை அவர் மண்டி போட்ட இடத்துலயே கிடந்தது. அதுக்கு அப்புறம் அவர் கால் தடம் கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராப் போயிருந்தது. பின்னாடியே என் தடம், ரெண்டு கண்ணு உள்ளவளோட தடம், குடிகாரன் நடந்த மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடந்தது. நான் வழியையா பார்த்தேன், அவரைத்தானே பார்த்தேன். அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"போயிட்டார்கா."

"கையைப் பிடிச்சியா?"

"இல்ல."

"கூப்பிட்டியா?"

"இல்லக்கா. பள்ளத்துக்குப் பத்து அடி வரைக்கும் போனார். நான் சத்தமே போடல."

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இழுப்பு இல்லாத, நீளமான, நல்ல மூச்சு. அப்புறம், "அல்மாத்தி வீட்டுல அவங்களே இருக்கட்டும்னு சொல்லிடறேன்டி"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதா. நானும் அழுதேன். பொட்டல் நடுவுல நின்னு, வாய்விட்டு. மைனஸ் முப்பத்தாறுல அழக்கூடாதுன்னு இந்த ஊர்ல பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இமை ரெண்டும் பனியில ஒட்டிக்கிச்சு, திறக்க மாட்டேங்குது.

"அக்கா, இரு. கண்ணு ஒட்டிக்கிச்சு, எனக்கு ஒண்ணுமே தெரியல."

அழுகைக்கு நடுவுல அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அப்ப நீயும் உங்கத்தான் மாதிரி நடந்து வா. டீ போட்டு வெக்கிறேன்"னு ஃபோனை வெச்சுட்டா.